உதவி: சானட்டோரியத்தில் இறந்த தாத்தாவின் அண்ணன் – பதிவு எங்கே கிடைக்கும்?

வேர்தேடி:
வணக்கம். குடும்ப வரலாறு எழுதிட்டிருக்கேன். தாத்தாவோட அண்ணன் டி.பி. (காசநோய்) வந்து சானட்டோரியத்துல, அதாவது டி.பி. நோயாளிகளைத் தங்கவெச்சுப் பார்க்கிற ஆஸ்பத்திரியில சேர்ந்து அங்கேயே இறந்துட்டாரு. ரெண்டாம் உலகப் போர் சமயம். வீட்டுல யாரும் அதைப் பத்தி வாயே திறக்கல. அட்மிஷன் பதிவு, இறப்புச் சான்று ரெண்டும் வேணும். ஆஸ்பத்திரியில கேட்டாச்சு, அந்தக் காலத்து எதுவும் இல்லைன்னுட்டாங்க. வேற எங்க தேடலாம்? ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாரும் கூடுறாங்க, அதுக்குள்ள தெரிஞ்சா நல்லது.

கூடுவாஞ்சேரி:
தாம்பரம்தானே? இப்போ அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1928ல டாக்டர் சௌரி முத்து 12 படுக்கையோட தனியார் நிறுவனமா ஆரம்பிச்சார், 1937ல அரசு எடுத்துக்கிட்டது. அதனால போர் சமயத்துல அது அரசு ஆஸ்பத்திரி. சென்னை எழும்பூர்ல இருக்கிற அரசு ஆவணக் காப்பகத்துல அந்த வருஷத்து பொதுச் சுகாதார அரசாணைகளைப் பாருங்க. ஒவ்வொரு வருஷத்துக்கும் அகரவரிசை இண்டெக்ஸ் தொகுதி இருக்கும். அதுல பொருள் தலைப்பைப் பிடிச்சு அரசாணை எண், தேதி, துறை மூணையும் குறிச்சுக்கிட்டுத்தான் கோப்பு கேட்டு எழுதிக் கொடுக்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் சீட்டு திரும்பி வந்துடும்.

ஏட்டுச்சுவடி:
அரசாணைகளில் நோயாளியின் பெயர் இராது. கட்டடம், பணியிடம், மானியம், மருந்துக் கொள்முதல் இவைதாம் இருக்கும். நோயாளி அரசு ஊழியராக இருந்து மருத்துவ விடுப்போ செலவுச் சலுகையோ கேட்டிருந்தால் மட்டுமே பெயர் வரும். கேள்வி கேட்டவர் ஊர், மதம், தொழில், ஆண்டு, மருத்துவமனையின் பெயர் ஒன்றையுமே சொல்லவில்லை. இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வது இதுதான். அடிப்படையே தராமல் பதிலை எதிர்பார்ப்பது முறையல்ல.

கொங்குவாசி:
தாம்பரம்னு ஏன் முடிவு கட்டணும்? பெருந்துறை ராமலிங்கம் சானட்டோரியம் இருக்கு. அதோட வளாகத்துலதான் பின்னாடி மருத்துவக் கல்லூரி வந்துச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் செங்கிப்பட்டி, நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம். நாகர்கோவில் ஆளா இருந்தா அன்னிக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம், சென்னைக் காப்பகத்துல தேடுறதுல பலனே இல்ல.

வேர்தேடி:
சாரி. சொந்த ஊர் ராணிப்பேட்டை பக்கம். மிஷன் ஸ்கூல் வாத்தியார். எந்த சானட்டோரியம்னு யாருக்கும் தெரியாது, "சானட்டோரியம்"னு மட்டும்தான் சொல்லுவாங்க. நானும் தாம்பரம்னு நினைச்சுத்தான் கேட்டேன். காட்பாடியில ரயில் மாறிப் போவாங்கன்னு பெரிய அத்தை சொல்லுவாங்க.

மீட்டர்கேஜ்:
அப்போ தாம்பரம் இல்ல, பெருந்துறையும் இல்ல. ராணிப்பேட்டைக்காரர் வாலாஜா ரோட்டுல ஏறுவார். தாம்பரம் போக மெட்ராஸ் பக்கம் போகணும், காட்பாடி எதிர்த்திசை. பெருந்துறைன்னா காட்பாடி, ஜோலார்பேட்டை, ஈரோடுன்னு முழுக்க அகலப்பாதை, காட்பாடியில மாற வேலையே இல்ல. காட்பாடியில மாறுறதுன்னா விழுப்புரம்–பாகாலா மீட்டர்கேஜ் பாதை. வடக்கே பாகாலா, அங்கிருந்து தர்மாவரம் பாதையில மதனபள்ளி ரோடு ஸ்டேஷன். ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும், வண்டி பிடிச்சுத்தான் போகணும். இவர் இருந்தது மதனபள்ளி பக்கத்துல ஆரோக்கியவரம் சானட்டோரியம்.

கொங்குவாசி:
ரயில் மாறினதை மட்டும் வெச்சு எப்படி? காட்பாடியில எதுக்கு வேணா இறங்கியிருக்கலாம். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போயிருக்கலாம்.

மீட்டர்கேஜ்:
அவர் மிஷன் பள்ளி ஆசிரியர், ஊர் ராணிப்பேட்டை. ராணிப்பேட்டை, அமெரிக்கத் திருச்சபை நடத்தின ஆற்காடு மிஷன் ஊர், மதனபள்ளியும் ஆற்காடு மிஷன் ஊர். ஆரோக்கியவரம் பல மிஷன்கள் சேர்ந்து 1915ல தொடங்கினது. அதனாலதான் யூனியன் மிஷன் சானட்டோரியம்னு பேரு. மிஷன் ஊழியரை மிஷன் தன்னோட சானட்டோரியத்துக்கு அனுப்பாம வேற எங்க அனுப்பும்?

நெஞ்சகம்:
வேர்தேடி, வீட்டுல சிகிச்சையைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? "காத்து அடிச்சாங்க", "விலா எலும்பை எடுத்துட்டாங்க", "மார்ல ஊசி போட்டாங்க" மாதிரி? ஆண்டைக் குறுக்க இது ரொம்ப உதவும். டி.பி. மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சதே 1943ல. இங்க புழக்கத்துக்கு வந்தது போருக்கு அப்புறம். அடுத்த மருந்து ஐசோனியாசிட் 1952. அதுக்கு முன்னாடி ஓய்வு, சாப்பாடு, திறந்த வெளிக் காத்து. அதோட நுரையீரலைச் சுத்தி ஊசி வழியா காத்தை ஏத்தி, கெட்டுப்போன பக்கத்தைச் சுருங்க வெச்சு ஓய்வு கொடுப்பாங்க. அந்தக் காத்து உடம்புல கரைஞ்சுடும், அதனால ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி ஏத்தணும், வருஷக்கணக்கா. அது பலிக்கலைன்னா விலா எலும்புகளை எடுத்துட்டு மார்க்கூட்டையே அமுக்கிவிடுற அறுவை. எலும்பு எடுத்திருந்தா அட்மிஷன் பதிவேடு தவிர அறுவைப் பதிவேடுன்னு தேட ரெண்டாவது இடமும் கிடைக்கும்.

வேர்தேடி:
ஆமா! ஒரு பக்கம் தோள் சாஞ்சிருக்கும், விலா எலும்பு எடுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. வெள்ளைக்கார டாக்டர் ஒருத்தர் இருந்தாராம்.

நெஞ்சகம்:
அப்போ ஒரு தடவை அறுவை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, பிறகு மறுபடி சேர்ந்திருக்கலாம். இல்லாட்டி சாஞ்ச தோளை அங்க பார்க்கப் போனவங்கதான் பார்த்திருக்கணும். ரெண்டு அட்மிஷன் இருக்கலாம், ரெண்டையும் கேளுங்க. டாக்டரை வெச்சு மட்டும் ஆண்டு சொல்ல வேண்டாம். நிறுவினவர் டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோல்லர். அவருக்கு அப்புறம் டாக்டர் பி.வி. பெஞ்சமின் பொறுப்புல இருந்தார். பின்னாளில் மோல்லரோட மகனும் அங்கேயே வேலை பார்த்தார்.

பரங்கிமலை:
இத்தனை பேசுறீங்க, கணிதமேதை ராமானுஜன் தாம்பரத்துல சிகிச்சை எடுத்தார்ங்கறதை யாரும் சொல்லலையே. அப்பவே பேர்போன இடம் அது.

கூடுவாஞ்சேரி:
தப்பு. ராமானுஜன் 1920 ஏப்ரல் 26ல சேத்துப்பட்டுல இறந்தார். தாம்பரம் வந்தது 1928ல. தொடர்பு என்னன்னா, இங்கிலாந்துல மெண்டிப் மலையில ஒரு சானட்டோரியம் நடத்தினதும் இதே சௌரி முத்துதான், ராமானுஜன் கொஞ்ச காலம் அங்கே இருந்தார். ரெண்டையும் சேர்த்துக் குழப்பி எல்லாரும் எழுதிட்டிருக்காங்க.

பரங்கிமலை:
தொடர்பு இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. டாக்டர் ஒருத்தர்தானே.

நெஞ்சகம்:
ராமானுஜனுக்கு இருந்தது டி.பி.தானாங்கறதே கேள்வி. கல்லீரல் அமீபா நோயா இருக்கலாம்னு 1994ல டி.ஏ.பி. யங் எழுதியிருக்கார். குடும்ப வரலாறு தேடுறவங்களுக்கும் இது முக்கியம். அந்தக் காலத்துல டி.பி.ன்னு சொன்னதெல்லாம் டி.பி. இல்ல, காய்ச்சல்னு எழுதினதுல நிறைய டி.பி. கிராம இறப்புப் பதிவேட்டுல காரணத்தை எழுதினவர் டாக்டர் இல்ல, கிராம முன்சீப், அதாவது அந்தக் காலத்து ஊர் அதிகாரி. காரணம் "காய்ச்சல்"னு இருந்தா இவர் இல்லைன்னு தள்ளிடாதீங்க.

ஏட்டுச்சுவடி:
ராமானுஜன் விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இறப்புப் பதிவைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

இறப்பு, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், சொந்த ஊரில் அல்ல. ராணிப்பேட்டையில் தேடுவது வீண். 1899ஆம் ஆண்டு மெட்ராஸ் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி நகராட்சி எல்லைக்குள் நகராட்சியும், கிராமத்தில் கிராம முன்சீப்பும் பதிந்தார்கள். சானட்டோரியங்கள் வேண்டுமென்றே ஊருக்கு வெளியே கட்டப்பட்டவை. எனவே மதனபள்ளி நகராட்சியில் கேட்டு "இல்லை" என்ற பதில் வந்தால் அதை முடிவாகக் கொள்ளக்கூடாது. சானட்டோரியம் எந்த வருவாய்க் கிராம எல்லைக்குள் இருந்தது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பழைய ஓரங்குல அளவை வரைபடத்தில் (ஒரு மைலுக்கு ஓரங்குலம்) அந்தப் பகுதி 57 கே வரிசைத் தாள்களில் வரும்.

அடுத்தது, மதனபள்ளி அன்று சித்தூர் மாவட்டம், சென்னை மாகாணம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அங்கே போனது. மாகாண அளவிலான கோப்புகளைச் சென்னையில் தேடலாம். தாலுகா அளவிலான பதிவேடுகள் சென்னையில் இரா, ஆந்திரத்தில்தான். 1985இல் அங்கே தாலுகாக்களைக் கலைத்து மண்டலங்களாக்கினார்கள். 1984இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளையும் நீக்கினார்கள். தமிழ்நாட்டில் இது 1980. இந்த இரண்டு கைமாற்றங்களின்போது பதிவேடுகள் பல காணாமற்போயிருக்கலாம். அதனால் மண்டல வட்டாட்சியர் அலுவலகப் பதிவறை, பிறகு மாவட்டப் பதிவறை என்ற வரிசையில் கேளுங்கள்.

தகவல்மனு:
இதுக்கு ஏன் நேர்ல அலையணும்? தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. ஆந்திராவுல மண்டல அலுவலகத்துக்கு 5 ரூபாய், அதுக்கு மேல உள்ள அலுவலகம்னா 10 ரூபாய். 30 நாள்ல பதில் வரணும். ஆஸ்பத்திரிக்கும் போடுங்க.

ஏட்டுச்சுவடி:
ஆரோக்கியவரம் அரசு மருத்துவமனை அன்று. அறக்கட்டளை நிறுவனம். அங்கே அந்தச் சட்டம் செல்லாது. மேலும் நோயாளியின் தகவல் தனிநபர் தகவல். அதற்கு விலக்குத் தரும் 8(1)(j) பிரிவு என்று ஒற்றை வரியில் மறுப்பார்கள்.

தகவல்மனு:
முதல் பாதி சரி. ரெண்டாவது பாதி தப்பு. அதே சட்டத்துல 8(3) படிங்க. நடந்து 20 வருஷத்துக்கு மேல ஆன நிகழ்வுன்னா 8(1)ல உள்ள (a), (c), (i) மூணு விலக்கு மட்டும்தான் நிக்கும். (j) அதுல இல்ல. 1940கள் சங்கதிக்கு (j) சொல்லி மறுத்தா, மறுப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள்ள 8(3)ஐக் காட்டி முதல் மேல்முறையீடு போடணும்.

ஏட்டுச்சுவடி:
சட்டம் சொல்வது இருக்கும் ஆவணத்துக்கு. இல்லாததை எந்தப் பிரிவும் தராது.

தகவல்மனு:
அதனால கேள்வியை எழுதுற விதம்தான் முக்கியம். "இன்னாரோட விவரம் தருக"ன்னு கேட்டா "இல்லை"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க. இப்படிக் கேளுங்க: 1939 முதல் 1946 வரை இன்ன கிராமத்து இறப்புப் பதிவேடுகள் எந்த அலுவலகத்தில் உள்ளன, வேறு அலுவலகத்துக்கு மாற்றியிருந்தால் ஒப்படைப்புப் பட்டியலின் நகல், அழித்திருந்தால் அழிப்பு ஆணையின் நகல். அழிப்பு ஆணையைத் தேடப் போனாத்தான் பதிவறையைத் திறப்பாங்க.

ஏட்டுச்சுவடி:
இந்த வரைவு நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

கூடுவாஞ்சேரி:
படிக்கிற மத்தவங்களுக்காக: செங்கிப்பட்டி, தாம்பரம், பெருந்துறைன்னு தமிழ்நாட்டுக்குள்ள இருந்தா, கிராமத்துப் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்துல இருக்க வாய்ப்பு அதிகம். பதிவுத்துறை இணையதளத்துலயே நகலுக்கு விண்ணப்பிக்கலாம். 1970ல புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததுக்கு முன்னாடி உள்ளதை இப்போதைய இணையப் பிறப்பு இறப்புப் பதிவுல தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

மீட்டர்கேஜ்:
வேர்தேடி, ஆரோக்கியவரம் இன்னும் மருத்துவ மையமா இயங்குது. கடிதமா எழுதுங்க, போன்ல கேட்டா யாரும் தேட மாட்டாங்க. அந்தக் காலத்து அட்மிஷன் பதிவேடு பெயர் வரிசையில இருக்காது, சேர்ந்த தேதி வரிசையில இருக்கும். அதனால வருஷத்தை எவ்வளவு குறுக்கித் தர்றீங்களோ அவ்வளவு பலன். பெயரை ஆங்கிலத்துல எத்தனை விதமா எழுதலாமோ அத்தனையும் எழுதுங்க. தகப்பன் பெயர், ஊர், வேலை, அனுப்பின மிஷன் எல்லாம் சேருங்க. இனிஷியல் ஊர்ப் பெயரா தகப்பன் பெயரான்னு சொல்லுங்க. நீங்க அவருக்கு என்ன உறவுன்னு காட்ட ஒரு வம்சவரிசையும், அடையாள அட்டை நகலும் வெச்சுடுங்க. அவர் எழுதின தபால் அட்டை ஏதாவது வீட்டுல இருக்கா?

பழையகல்லறை:
கிறிஸ்தவரா? அதையும் சொல்லல. ஆமான்னா அடக்கப் பதிவேடு உண்டு. இறப்புப் பதிவேடு அழிஞ்ச இடத்துலகூட சபைப் பதிவேடு மிஞ்சியிருக்கும். மதனபள்ளி இப்போ தென்னிந்தியத் திருச்சபையோட ராயலசீமா பேராயத்துல வருது. திருச்சபை உருவானது 1947 செப்டம்பர். அதுக்கு முன்னாடி ஆற்காடு மிஷன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில இருந்தது, பதிவேட்டு அட்டையில அந்தப் பேர்தான் இருக்கும். ராணிப்பேட்டை சபையிலயும் கேளுங்க. உறுப்பினர் பட்டியல்ல அவர் பெயருக்கு எதிர்ல "மரித்தார்"னு தேதியோட எழுதியிருக்கலாம். ஆசிரியர் சம்பளம், மருத்துவ உதவி சங்கதியெல்லாம் மிஷன் தாள்கள்ல இருக்கும். ஆற்காடு மிஷன் தாள்கள் அமெரிக்காவுல நியூ ஜெர்சி நியூ பிரன்ஸ்விக்ல, சீர்திருத்தத் திருச்சபை ஆவணக் காப்பகத்துல இருக்கு. மின்னஞ்சல்ல கேட்கலாம், ஆனா பெயர், ஊர், ஆண்டு மூணும் இல்லாம கேட்டா பதில் பொதுவாத்தான் வரும். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகத்தை அதுக்கு முன்னாடி பாருங்க, பக்கத்துலயே இருக்கு.

கொங்குவாசி:
பெருந்துறையையும் ஒரு வார்த்தை கேட்டு வெச்சா என்ன குறைஞ்சுடும்?

மீட்டர்கேஜ்:
ரெண்டு மாசம் குறைஞ்சுடும். முதல்ல மதனபள்ளி.

ஏட்டுச்சுவடி:
நான்கு நாளாயிற்று. கேள்வி கேட்டவரைக் காணோம். இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள்.

வேர்தேடி:
மன்னிக்கணும், ஊருக்குப் போயிருந்தேன். கிறிஸ்தவர்தான். பெரிய அத்தை பெட்டியில ஒரு தபால் அட்டை கிடைச்சுது. முத்திரையில ஊர்ப் பேரோட கடைசி, ஆங்கிலத்துல "வரம்"னு மட்டும் படிக்க முடியுது, 1942. மாசம் தெளிவா இல்ல. எலும்பு அறுவை முடிஞ்சு தையல் பிரிச்சாச்சுன்னு எழுதியிருக்கார். ஆரோக்கியவரத்துக்குக் கடிதம் போட்டாச்சு, ராணிப்பேட்டை சபையிலயும் சொல்லியிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

மீட்டர்கேஜ்:
நல்லது. அட்டையோட மறுபக்கம் சேர வேண்டிய ஊர் தபால் நிலைய முத்திரையும் இருக்கான்னு பாருங்க, அதுல மாசம் தெளிவா விழுந்திருக்கலாம். வெளிச்சத்தைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சுப் படம் எடுங்க. ஈரத்துணி, ரசாயனம் எதுவும் அட்டை மேல படக்கூடாது.

நெஞ்சகம்:
விலா எலும்பு அறுவையைப் பெரும்பாலும் ஒரே தடவையில முடிக்க மாட்டாங்க. சில வார இடைவெளி விட்டு ரெண்டு மூணு கட்டமா செய்வாங்க. அட்டையில சொல்றது எந்தக் கட்டம்னு தெரியாது. அதனால அந்தத் தேதிக்கு முன்னாடி ஒரு வருஷம் அட்மிஷன் பதிவேட்டையும் அறுவைப் பதிவேட்டையும் பார்க்கச் சொல்லுங்க. இறப்பை அதுக்குப் பின்னாடி 1946 வரைக்கும் தேடச் சொல்லுங்க. இதை இன்னொரு சின்னக் கடிதமா இப்பவே அனுப்பிடுங்க, முதல் கடிதத்தை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறதுக்குள்ள போய்ச் சேரட்டும்.