மகால் பனோரமாவில் தூண்கள் சாயுது: செங்குத்துக் கோடு நிழல்ல விழாம பிடிக்கிறது எப்படி?

வைகைக்கரை:
திருமலை நாயக்கர் மகால் முற்றத்து நடுவுல நின்னு, 30 டிகிரிக்கு ஒண்ணா 12 படம். ஃபுல் ஃப்ரேம், 24 எம்எம், கேமராவை நெட்டுக்குத்தலா வச்சு, தூண் தலை வரணும்னு 20 டிகிரி மேல தூக்கி எடுத்தது. ஹியூகின்ல (படங்களை ஒட்டிப் பனோரமா ஆக்குற மென்பொருள்) ஒட்டு சுத்தமா இருக்கு. ஆனா மேல்விளிம்பு அலையா ஏறி இறங்குது, ஒரு பக்கத் தூண்கள் சாயுது. செங்குத்துக் கோட்டைத் தானாத் தேடுற லைன்ஃபைண்ட் கருவியை ஓட்டினா பாதிக் கோடு தரையில கிடக்கிற தூண் நிழல்ல உட்காருது. என்ன பண்ணலாம்?

தூக்குக்குண்டு:
நிழல் கோடுகளை அழிச்சிட்டுக் கையால வைங்க, நாலே கோடு போதும். ஹியூகினோட கட்டுப்பாட்டுப் புள்ளி டேப்ல இடது, வலது ரெண்டுலயும் ஒரே படம். இடதுல தூண் ஓரத்தோட உச்சி, வலதுல அதே ஓரத்தோட அடி, வகை செங்குத்துக் கோடு. அடுத்த கோடு 90 டிகிரி தள்ளி இருக்கணும். எதிரெதிரே வச்சா ரெண்டும் ஒரே சாய்வைத்தான் சொல்லும்; முன்பின் சாய்வு பிடிபடாது. ஆங்கர் படத்தோட (மத்த படங்களுக்கு ஆதாரமா இருக்கிற படம்) ரோல் (பக்கச் சாய்வு), பிட்ச் (மேல்கீழ்ச் சாய்வு) ரெண்டையும் ஆப்டிமைஸ்ல டிக் பண்ணுங்க, யா (இடவலத் திருப்பம்) வேண்டாம். இந்த டிக்கை விட்டா, கோடு வச்சும் அலை போகாது.

தூண் அடி பருத்து மேல சிறுத்திருந்தா ரெண்டு ஓரத்துக்கும் ஒவ்வொரு கோடு வைங்க. சாய்வு ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிடும். கோபுரம் தெரியுற படத்துல அதோட விளிம்பைத் தொடாதீங்க, அது மேல போகப் போக உள்வாங்கும்.

கீழமாசி:
நிறைய படம் இருந்தா, கையால வைக்காம ஓப்பன்சிவில (படங்களை அலசுற நிரல் நூலகம்) கோடு தேடலாம். நீளப் பக்கத்தை 1600 பிக்சலாக்குங்க, ஓரங்களைக் கண்டுபிடிக்க கேனி 50/150, அப்புறம் அதுலேர்ந்து நேர்கோடு எடுக்க ஹஃப், குறைந்தபட்ச நீளம் 250 பிக்சல். நிழல் ஏமாத்துறது ஏன்னா, நேரா நம்மளை நோக்கி வர்ற தரைக்கோடு படத்துல நெட்டுக்குத்தலாத்தான் தெரியும். கோணத்தை வச்சு மட்டும் பிரிக்க முடியாது. 24 எம்எம்-க்கு ஃபோகல் தூரம் 1067 பிக்சல். 20 டிகிரி தூக்கினா தொடுவானம் நடுவுக்கு 388 பிக்சல் கீழ. சமதரை எல்லாம் அதுக்கும் கீழதான், அதனால அடியில 412 வரிசையை மறைச்சாலே நிழல் மொத்தமும் போயிடும்.

நெட்டுக்குத்தல்லேர்ந்து எவ்வளவு சாஞ்ச கோடு வரைக்கும் எடுக்கலாம்ங்கிற கோண வரம்பை 10 டிகிரிக்குச் சுருக்காதீங்க. தூண்கள் எல்லாம் நடுவுக்கு 2930 பிக்சல் மேல ஒரு புள்ளியில கூடும். ஓரத்துத் தூண் 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேலயே சாயும். 15 வைங்க.

இன்னொண்ணு: நெட்டுக்குத்தல் படத்தை ஓப்பன்சிவி எக்ஸிஃப் (கேமரா படத்துக்குள்ள எழுதுற தகவல்) பார்த்துத் தானாத் திருப்பிடும், ஹியூகின் திருப்பாம ரோலை மட்டும் மாத்தும். ஆயத்தொலைவு இடம் மாறிடும். முதல்லயே படங்களை நிரந்தரமாத் திருப்பி வச்சிட்டு ஆரம்பிங்க. பிடிஓ கோப்புல (ஹியூகினோட திட்டக் கோப்பு) எழுதும்போது ஆயத்தொலைவைப் படத்தோட முழு அளவுக்குப் பெருக்குங்க, வகை டி1 (செங்குத்துக் கோடு).

வைகைக்கரை:
அலை போயிடுச்சு, நன்றிண்ணே. ஒரே ஒரு கோடு மட்டும் 9 பிக்சல் பிழை காட்டுது, மத்தது எல்லாம் 1-க்குள்ள.

தூக்குக்குண்டு:
அந்தக் கோட்டை 200 சதவீதத்துல பெருசாக்கிப் பாருங்க. உச்சிப்புள்ளி தூண் ஓரத்துல இல்லாம, பக்கத்து வளைவோட சுதை ஓரத்துல ஏறியிருக்கும். நகர்த்துங்க, இல்லாட்டி அழிச்சிடுங்க.