கலைச்சொல்: ‘கொலஸ்ட்ரால் வழிமறிப்பு’ சரிவருமா?

உதகையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். முற்றிய புராஸ்டேட் புற்றுக்கான நோயாளர் கையேட்டில், ‘கொலஸ்ட்ரால் வளர்சிதைமாற்றத்தை இலக்கு வைக்கும் சிகிச்சை’ என்ற தொடரில் பேனா நிற்கிறது. இலக்கு வைப்பது வில்லாளியின் பேச்சு. எதை எங்கே தடுக்கிறோம் என்று அது சொல்வதில்லை. ‘கொழுப்புக் குறைப்பு’ என்றால் வடை பஜ்ஜியை நிறுத்தினால் போதும் என்று நினைத்துக்கொள்வார்கள். கொலஸ்ட்ராலை அப்படியே வைப்போம். நடுவட்டத்தில் விளைந்த மலேரியா மருந்தான கொயினாவுக்கு யாரும் தூய தமிழ் தேடவில்லையே!

என் முன்மொழிவு: கொலஸ்ட்ரால் வழிமறிப்பு.

இந்தப் புற்றை வளர்ப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் இயக்குநீர் (ஹார்மோன்). அதற்கு மூலச்சரக்கு கொலஸ்ட்ரால்தான். 27 கரிம அணுக்கள் கொண்ட கொலஸ்ட்ரால், பக்கச்சங்கிலி அறுபட்டு 21 அணுக்கள் கொண்ட பிரெக்னெனொலோன் ஆகிறது. பிறகு மேலும் வெட்டுப்பட்டு 19 அணுக்கள் கொண்ட டெஸ்டோஸ்டிரோன். விதைகளை (விந்தகங்களை) நீக்கினால் இந்தப் புற்று ஒடுங்கும் என்று 1941இல் ஹக்கின்ஸும் ஹாட்ஜஸும் காட்டினார்கள். இன்று ஊசி மருந்தாலேயே ரத்த டெஸ்டோஸ்டிரோனை டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறக்கிவிடலாம். அப்படியும் புற்று மறுபடி தலையெடுக்கிறது. இயக்குநீரைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி செல்லில் பெருகுவது ஒரு காரணம். புற்றுச் செல் தன் இயக்குநீரைத் தானே காய்ச்சிக்கொள்வது இன்னொன்று. அந்தச் சரக்கு வரும் வழியைத்தான் மறிக்கப் பார்க்கிறார்கள்.

கோத்தகிரியிலிருந்து:

> கொலஸ்ட்ரால் வழிமறிப்பு

ஐயா, சொல் நன்று. ஆனால் வழி ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. குன்னூர்ப் பாதையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்து லாரி எங்கள் ஊர் வழியாக உதகைக்கு ஏறிவிடுகிறதல்லவா? செல்லும் அதைத்தான் செய்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மருந்து, செல் கொலஸ்ட்ராலை ஆக்கத் தேவையான எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் நொதியை அடைக்கும். உள்ளே கொலஸ்ட்ரால் குறையும். உடனே எஸ்ஆர்இபிபி-2 என்ற புரதம் செல்கருவுக்குள் போய், அதே நொதியையும் எல்டிஎல் ஏற்பியையும் கூடுதலாக உண்டாக்க வைக்கும். ரத்தத்தில் மிதக்கும் கொலஸ்ட்ராலை அந்த ஏற்பி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உள்ளே ஆக்குவது, வெளியிலிருந்து வருவது இரண்டும் போக மூன்றாவது, கிடங்கு. எஸ்ஓஏடி-1 நொதி மிகுதிக் கொலஸ்ட்ராலைக் கொழுப்பமிலத்தோடு பிணைத்து எஸ்டராக்கிக் கொழுப்புத்துளிகளில் அடைத்து வைக்கிறது. புற்றை அடக்கிவைக்கும் பிடென் (PTEN) மரபணுவை இழந்த முற்றிய புற்றில் இந்தத் துளிகள் நிறைந்திருப்பதை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. எஸ்டராக்கத்தைத் தடுத்தபோது எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

ஆகவே தாய்ச்சொல்லின் கீழ் மூன்று சேய்ச்சொற்கள்: ஆக்கமறிப்பு, வரவுமறிப்பு, இருப்புமறிப்பு. கணக்குப்பிள்ளை வாடை அடித்தால் அடிக்கட்டும், பொருள் தப்பாது.

குன்னூரிலிருந்து:

மூன்றும் எனக்குச் சம்மதம். ஒரு எல்லை மட்டும் போடுங்கள். முற்றிய புராஸ்டேட் புற்றுக்குத் தரும் அபிராடிரோன் மருந்தை இதற்குள் சேர்க்கக் கூடாது. அது மறிப்பது இயக்குநீரை ஆக்க உதவும் சிஒய்பி17ஏ1 நொதியை. கொலஸ்ட்ரால் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் வேலை அது. ‘இயக்குநீராக்கத் தடுப்பு’ என்று தனியாக வையுங்கள்.

கொலஸ்ட்ராலையும் கொழுப்பையும் பிரித்தே ஆகவேண்டும் என்பதற்கும் அந்த மருந்தே சாட்சி. வழக்கமான அளவு நாளுக்கு 1,000 மி.கி., வெறும் வயிற்றில்: உண்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த 1 மணி நேரம் எதுவும் உண்ணாமல். கொழுப்பு மிகுந்த உணவோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு 10 மடங்கு வரை ஏறலாம். அதே பக்கத்தில் ‘கொழுப்பு வழிமறிப்பு’ என்றும் இருந்தால் படிப்பவர் எதை எதோடு சேர்ப்பார்?

இன்னொன்று. விதைநீக்கத்துக்குப் பிறகும் வளரும் புற்றை, கையேட்டில் ‘விதைநீக்க எதிர்ப்புப் புற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘நோய் எதிர்ப்பு’ நல்ல பொருளில் பழகிய சொல்; இங்கே தலைகீழாகிறது. ‘விதைநீக்கத்துக்கு அடங்காப் புற்று’ என்றால் குழப்பமில்லை.

உதகையிலிருந்து:

‘அடங்காப் புற்று’ ஏற்றேன். அபிராடிரோனை வெளியே எடுத்துவிட்டேன். ‘இருப்புமறிப்பு’ மட்டும் இடிக்கிறது அம்மா: வழியைத்தான் மறிக்க முடியும், இருப்பை எப்படி மறிப்பது? ‘கிடங்கடைப்பு’ என்று போடுகிறேன். கையேட்டின் ஸ்டாட்டின் பத்தியில் ‘இது இன்னும் ஆய்வில் உள்ளது, புற்றுக்கான மருந்தை நிறுத்திவிட்டு இதை எடுக்கக் கூடாது’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்தாயிற்று.

கோத்தகிரியிலிருந்து:

கிடங்கடைப்பு என்றால் கிடங்கை நிரப்புவது என்றும் படிக்கலாமே ஐயா. ‘கிடங்குமறிப்பு’?