ரயில் வேகம் எடுக்கும்போது எலுமிச்சம்பழம் ஏன் பின்னால் விழுகிறது? கிடைத்திசை முடுக்கம் பற்றி ஒரு சந்தேகம்

டாலா மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் படித்தது கோயில் மாலை வகுப்பில்தான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டியூஷன் தாளில் வந்த கணக்கு இது: 19.6 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு பந்து கிடைத்திசையில் 5 மீ/வி வேகத்தில் எறியப்படுகிறது. எதிர்க்காற்று அதற்கு 1 மீ/வி² அளவில் எதிர்முடுக்கம் தருகிறது என்று கொள்க. பந்து கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்?

எறிபொருள் என்றால் கிடைத்திசையில் வேகம் மாறாது, முடுக்கம் சுழி என்றுதான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். இங்கே முடுக்கம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் பந்து விழும் நேரமும் மாறுமா?

இதோடு இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. படகில் ஆற்றைக் கடந்து, யாங்கோன் வட்ட ரயிலில் இன்செயினுக்கு டியூஷன் போய் வருகிறேன். ஒரு நாள் வண்டி நிலையத்தை விட்டு வேகம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் மடியில் இருந்த பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று நழுவியது. நேர் கீழே விழாமல் கடைசிப் பெட்டி இருக்கும் பக்கமாகத் தள்ளி விழுந்தது. வண்டி ஒரே சீராக ஓடும்போது வேண்டுமென்றே ஒன்றை விட்டுப் பார்த்தேன். நேராகக் காலடியில் விழுந்தது. முதல் பழத்தை யாரும் பின்னால் தள்ளவில்லை. பெட்டிக்குள் காற்றும் இல்லை. பிறகு ஏன் அப்படி?

---

பகோ தம்பி எழுதியது:

எறிபொருள் கணக்கில் கிடைத்திசை முடுக்கம் சுழி. அது விதி. காற்றுத் தடையைப் புறக்கணி என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். உங்கள் தாளில் இருப்பது பிழையான கணக்கு, விட்டுவிடுங்கள். தேர்வில் வராது.

---

தட்டோன் வாத்தியார் எழுதியது:

மகளே, அந்தக் கணக்கை விட்டுவிடாதே. உன் தாளிலேயே உருப்படியான கணக்கு அதுதான்.

தம்பிக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கிடைத்திசை முடுக்கம் சுழி என்பது விதியே அல்ல. அது ஒரு நிலைமை. பந்தின் மேல் பக்கவாட்டில் எந்த விசையும் இல்லாதபோது அந்தத் திசையில் முடுக்கம் சுழியாகிறது, அவ்வளவுதான். விதி என்று சொல்லத் தக்கது நியூட்டனுடையது: எந்தத் திசையில் விசையோ அந்தத் திசையில் முடுக்கம். புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டும் இழுக்கிறது. அதனால் பந்தின் கிடைவேகத்தைக் கூட்டவும் அதற்கு வழியில்லை, குறைக்கவும் வழியில்லை. அதேபோல் காற்று பக்கவாட்டில் மட்டும் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், கீழே விழும் வேகத்தில் அதற்கு எந்தப் பங்கும் கிடையாது. பிள்ளைகளிடம் இதை விளக்காமல் "சுழி போடு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். சுழி போட்டுப் பழகிய கை, ஒரு சொல் மாறிய கணக்கு வந்தால் நின்றுவிடுகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். முதலில் செங்குத்துத் திசையை மட்டும் பார். பந்து கிடையாக எறியப்பட்டதால் கீழ்நோக்கிய தொடக்க வேகம் சுழி.

19.6 = ½ × 9.8 × நேரம்²

நேரம்² = 4, ஆகவே நேரம் 2 விநாடி. இந்தக் கணக்கில் காற்று எங்கேயாவது வந்ததா? வரவில்லை. எறிந்த வேகமான 5 மீ/வி வந்ததா? அதுவும் வரவில்லை. விழும் நேரம் மாறுமா என்று நீ கேட்டதற்கு விடை இதுதான்: மாறாது.

இனிக் கிடைத்திசை. அதே 2 விநாடி.

தொலைவு = 5 × 2 − ½ × 1 × 2² = 10 − 2 = 8 மீட்டர்.

தரையைத் தொடும்போது கிடைவேகம் 5 − 2 = 3 மீ/வி. கீழ்நோக்கிய வேகம் 9.8 × 2 = 19.6 மீ/வி. இரண்டையும் பிதாகரஸ் தேற்றத்தால் சேர்த்தால் ஏறக்குறைய 19.8 மீ/வி. முடிந்தது.

இரண்டு திசைகளுக்கும் பொதுவாக இருப்பது நேரம் ஒன்று மட்டுமே. நிலம் எங்கே இருக்கிறது என்பது செங்குத்துக் கணக்குக்குத் தெரியும், அதனால் நேரத்தை அங்கே எடுக்கிறோம். எடுத்த நேரத்தைக் கிடைத்திசைக்குக் கொண்டுபோகிறோம். எதிரே சுவர் இருந்து, பந்து சுவரில் எந்த உயரத்தில் படும் என்று கேட்டால் வரிசை மாறும். சுவரின் தூரத்திலிருந்து நேரம் கிடைக்கும், அதைச் செங்குத்துக்குக் கொண்டுபோவாய்.

இதே கணக்கில் காற்றின் எதிர்முடுக்கத்தை 5 மீ/வி² என்று மாற்றிப் போட்டுப் பார். 10 − ½ × 5 × 4 = சுழி. பந்து கட்டடத்தின் அடியிலேயே வந்து விழும்! முதல் விநாடி முடியும்போது 2.5 மீட்டர் வெளியே போயிருக்கும், 4.9 மீட்டர் இறங்கியிருக்கும், அந்த நொடியில் கிடைவேகம் சுழி. அடுத்த விநாடியில் கீழே இறங்கிக்கொண்டே சுவரை நோக்கித் திரும்பி வரும். அந்தப் பாதையைத் தாளில் வரைந்து பார், மகளே. எனக்கு இத்தனை வயதிலும் அந்த வளைவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

எலுமிச்சம்பழம்தான் இதைவிடப் பெரிய விஷயம். தனியாக எழுதுகிறேன்.

---

தட்டோன் வாத்தியார் எழுதியது:

வண்டியின் முடுக்கம் 0.4 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். பழம் கையை விட்ட நொடியில் வண்டியின் வேகம் 3 மீ/வி. தரை 1.25 மீட்டர் கீழே.

முதலில் பிளாட்பாரத்தில் நிற்பவராகப் பார். பழம் கையை விட்டதும் அதன் மேல் கிடைத்திசையில் எந்த விசையும் இல்லை. விட்ட நொடியில் இருந்த 3 மீ/வி வேகத்தோடு அப்படியே முன்னால் போய்க்கொண்டே விழுகிறது. 1.25 மீட்டர் விழ ஏறக்குறைய 0.505 விநாடி ஆகும். அதற்குள் பழம் 1.515 மீட்டர் முன்னே போகிறது. ஆனால் வண்டி வேகம் எடுத்துக்கொண்டே இருக்கிறதே! அது ½ × 0.4 × 0.505² அளவு கூடுதலாக, அதாவது 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக, முன்னேறிவிடுகிறது. பழம் பின்னால் போகவில்லை. பெட்டியின் தரை அதை முந்திக்கொண்டு முன்னால் போய்விட்டது.

இனி பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நீயாகப் பார். உனக்குப் பெட்டி அசையாத இடம். ஆகவே பழத்துக்குக் கீழ்நோக்கி 9.8, பின்னோக்கி 0.4 என்று இரண்டு மாறாத முடுக்கங்கள் தெரிகின்றன. தம்பி சொன்ன சுழி பிளாட்பாரத்தில் நிற்பவருக்குச் சரி. பெட்டிக்குள் இருக்கும் உனக்கு அது சுழி அல்ல. இரண்டு பேர் கணக்கும் பழம் விழுந்த இடத்தை ஒரே இடமாகத்தான் காட்டும்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. உன் கண்ணுக்கு அந்தப் பழம் வளைந்து விழவில்லை, நேர்கோட்டில் சாய்ந்து விழுந்தது. இரண்டு திசையிலும் ஓய்விலிருந்து தொடங்கியதால் பின்னால் போன தூரமும் கீழே போன தூரமும் எந்த நொடியிலும் 0.4-க்கு 9.8 என்ற ஒரே விகிதத்தில் இருக்கும். விகிதம் மாறாவிட்டால் பாதை நேர்கோடு. அதே விழுதல் பிளாட்பாரத்தில் நிற்பவர் கண்ணுக்குப் பரவளையம்.

இப்படி ஓடும் பொருளின் பாதை பரவளையம் என்று கலீலியோ 1638-இல் லெய்டனில் அச்சான தம் நூலில் நிறுவினார். நேராக விழும் பொருளின் வேகம் கைக்குப் பிடிபடாது என்பதால் சாய்பலகையில் உருண்டையை உருளவிட்டு, பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். ஓய்விலிருந்து தொடங்கினால் அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களாகப் போகும். அது விழும் கல்லுக்கும் பொருந்தும், நிலையத்திலிருந்து சீராக வேகம் எடுக்கும் உன் ரயிலுக்கும் பொருந்தும். கிடை, செங்குத்து என்ற பேதம் அந்தச் சமன்பாட்டுக்குக் கிடையாது.

---

டாலா மாணவி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. சுவரை நோக்கித் திரும்பி வரும் பாதையை வரைந்து பார்த்தேன். புரிந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். வேகம் எடுக்கும் ரயிலில் பழத்தை நேர் மேலே போட்டுப் பிடித்தால் என்ன ஆகும்? உச்சியில் ஒரு நொடி நிற்கிறதே, அங்கே முடுக்கம் சுழிதானே? அடுத்தது, வட்ட ரயிலின் முடுக்கத்தை உள்ளே இருந்தபடியே அளக்க முடியுமா?

---

மோல்மீன் ரயில்வே வீட்டுப் பிள்ளை எழுதியது:

அளப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர், நான் அந்தக் குடியிருப்பில் வளர்ந்தவன். சாமான் வைக்கும் மேல்தட்டிலிருந்து ஒரு மீட்டர் நூலில் கனமான பூட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். வண்டி வேகம் எடுக்கும்போது பூட்டு பின்பக்கம் சாய்ந்து நிற்கும்.

ஆனால் சக்கரம் அசைந்தவுடன் அளக்காதீர்கள். நம் பழைய வண்டிகளில் பெட்டிகளுக்கு இடையே உள்ள இணைப்புகள் ஒவ்வொன்றாக இழுபட்டு முடியும் வரை உலுக்கல்தான் இருக்கும். கடைசிப் பெட்டிகளில் இன்னும் மோசம். அந்த உலுக்கல் அடங்கிய பிறகு சில விநாடிகள் வண்டி சீராக இழுக்கும். அப்போது பார்க்க வேண்டும். வளைவிலும் அளக்காதீர்கள், பூட்டு பக்கவாட்டிலும் சாயும். டன்யின்கோன் நிலையத்தில் காய்கறி மூட்டை ஏற்றும் நேரத்தில் மேல்தட்டில் நூல் கட்ட இடமே கிடைக்காது, அதற்கு முன்பே கட்டிவிடுங்கள்.

---

தட்டோன் வாத்தியார் எழுதியது:

ரயில்வே வீட்டுப் பிள்ளை சொன்னதை அப்படியே செய், மகளே. பூட்டு செங்குத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, அது செங்குத்தாக எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதால் வகுத்து, 9.8-ஆல் பெருக்கு. அதுதான் வண்டியின் முடுக்கம். ஒரு மீட்டர் நூலில் 4 சென்டிமீட்டர் விலகினால் ஏறக்குறைய 0.4 மீ/வி². பழம் விழுந்த நேர்கோட்டின் சாய்வும் பூட்டு நூலின் சாய்வும் ஒன்றே. சன்னல் திரையை மூடிவிட்டாலும் இந்த அளவை எடுக்கலாம்.

மேலே போட்டுப் பிடிப்பதற்கு வருகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வை. உச்சியில் செங்குத்து வேகம்தான் சுழி. முடுக்கம் அங்கேயும் கீழ்நோக்கி 9.8. அங்கே முடுக்கமும் சுழியாகிவிட்டால் பழம் அந்தரத்திலேயே நின்றுவிட வேண்டுமே! தேர்வில் மதிப்பெண் போகும் முதல் இடம் இது. மேல்நோக்கி நேர்க்குறி என்று எடுத்தால், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் முடுக்கத்துக்கு −9.8 என்றே எழுது. பழம் திசை திரும்பியதற்காக நீ குறியைத் திருப்பாதே.

நேர் மேலே 2.45 மீ/வி வேகத்தில் போட்டால் அரை விநாடியில் கை உயரத்துக்குத் திரும்பும். அதற்குள் ½ × 0.4 × 0.5² = 0.05, அதாவது 5 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி இறங்கும். கையிலேயே விழ வேண்டுமானால் முன்பக்கம் 0.1 மீ/வி சேர்த்துப் போடு. அப்போது பழம் பூட்டு நூலின் சாய்வுக்கு ஒட்டினாற்போலவே மேலே போய், போன கோட்டிலேயே திரும்பி வரும். வண்டி பிரேக் போடும்போது எல்லாம் எதிர்ப்பக்கம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இப்படி இரண்டு திசைகளையும் பிரித்துத் தனித்தனியே கணக்குப் போட முடிவதற்குக் காரணம், முடுக்கங்கள் மாறாமல் இருப்பதுதான். உண்மையான காற்றுத் தடை அப்படி இல்லை. அது பொருளின் மொத்த வேகத்தைப் பொறுத்தது, வேகமாகப் போகும் பந்துக்கு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அப்போது கிடைவேகம் கூடினால் கீழே விழுவதற்கும் தடை கூடுகிறது. இரண்டு திசைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, பிரித்த கணக்கு பொய்த்துவிடும். கனமான எலுமிச்சம்பழம் ஒரு மீட்டர் விழுவதில் இது தெரியாது. பிரம்பில் முடைந்த சின்லோன் பந்தை மாடியிலிருந்து எறிந்தால் நன்றாகத் தெரியும், லேசான வெற்றுப் பந்து அது. உன் தாளில் "என்று கொள்க" என்று போட்டிருக்கிறார்களே, காற்றின் முடுக்கத்தை மாறாததாக எடுத்துக்கொள் என்பதற்கான அனுமதி அதுதான்.

தம்பி, நீயும் 5 மீ/வி² கணக்கைப் போட்டுப் பார். பிறகு எதிர்முடுக்கத்தை 6 ஆக்கு. சுவரும் நிலமும் இருக்கும்போது பந்து எதை முதலில் தொடும், எந்த உயரத்தில் என்று எழுது. நேரத்தை இந்த முறை எந்தத் திசையிலிருந்து எடுத்தாய் என்பதையும் சேர்த்து எழுது.

---

பகோ தம்பி எழுதியது:

சுவரைத்தான் ஐயா. நேரத்தைக் கிடைத்திசையிலிருந்து எடுத்தேன்: 5 × நேரம் = 3 × நேரம்², ஆகவே 1.67 விநாடி. அதற்குள் 13.6 மீட்டர் இறங்கியிருக்கும். தரையிலிருந்து ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் சுவரில் படும்.