மறு: மறு: கிகுமி – ஜப்பான் தச்சர்களோட மர வேலைக்கு ஒரு தமிழ்ச்சொல் வேணும்

கையேட்டுத் தம்பி எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். அவசரமா ஒரு உதவி. ஐடிஐ மரவேலைப் பிரிவுப் பசங்களுக்குத் தமிழ்ல ஒரு கையேடு பண்ணிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ஜப்பான் தச்சர்கள் அத்தியாயத்துல வந்து மாட்டிக்கிட்டேன். மரத்தைக் கையால வெட்டி மரத்தோடயே கோக்கிற மொத்தக் கலைக்கும் அவங்க கிகுமின்னு பேர் வச்சிருக்காங்க. அதுக்குள்ள ரெண்டு பிரிவு. ரெண்டு கட்டை நீளவாக்குல சேந்தா ட்சுகிதே, ஒண்ணு இன்னொண்ணோட கோணத்துல வந்து சேந்தா ஷிகுச்சி. நம்ம பாடப்புத்தகத்துல எல்லாமே 'இணைப்பு'தான், மின் இணைப்பும் அதான், குழாய் இணைப்பும் அதான். இப்போதைக்கு 'ஆணியில்லா மர இணைப்பு'ன்னு போட்டு வச்சிருக்கேன், மனசு ஒப்பல.

ஒசாகா அக்கா எழுதியது:

தம்பி, 'ஆணியில்லா' மட்டும் வேணாம். நாராவுல இருக்கிற ஹோர்யூஜி புத்தர் கோயில், இன்னிக்கு உலகத்துல நிக்கிற மரக்கட்டடங்கள்லயே ரொம்பப் பழசு, அதுலயே கொல்லன் அடிச்ச இரும்பாணி இருக்கு. பாரத்தைத் தாங்கிறது வெட்டின வெட்டு, ஆணி அதுக்குத் துணை. யாரோ கிளப்பி விட்ட 'ஒரு ஆணி கூட இல்ல' கதையை நம்ம பசங்க தலையில கலைச்சொல்லா ஏத்த வேண்டாம்.

இன்னொண்ணு சொல்லணும். ஒசாகா கோட்டை ஒத்தேமோன் வாசல்ல ஒரு தூணோட அடிப்பகுதி உளுத்துப்போய், புது மரம் வச்சு ஒட்டியிருக்காங்க. போன மாசம் அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். எதிரெதிரா ரெண்டு முகத்துல புறாவால் மாதிரி விரிஞ்ச வெட்டு, அப்ப மேலயிருந்து இறக்கியிருக்க முடியாது. மத்த ரெண்டு முகத்துல மலை மாதிரி கூரா ஏறி இறங்குது, அப்ப பக்கவாட்டுல தள்ளியிருக்கவும் முடியாது. பின்ன எப்படித்தான் உள்ள போச்சு? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தப்புறம்தான் தெளிவாச்சு, மூலைவாட்டமா சரிச்சு ஏத்தியிருக்காங்க. அந்தத் தச்சன் பேர் எங்கயும் இல்ல. அந்த விரிஞ்ச வெட்டை நாம புறாவால்ங்கிறோம், அவங்க 'அரி', அதாவது எறும்புங்கிறாங்க. எறும்போட தலையை அதுல பார்த்திருக்காங்க.

புலவர் ஐயா எழுதியது:

அன்பர்களே, சொல் நம் வீட்டிலேயே இருக்க ஏன் வெளியே தேட வேண்டும்? இரண்டு சேர்வதற்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் புணர்ச்சி. முதலில் கிடப்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்' என்று நன்னூல் சொல்லும் மூன்றும் அப்படியே மரத்திலும் நடக்கின்றன. வெட்டி எடுத்தால் கெடுதல், வடிவம் மாறினால் திரிதல், இடையில் ஆப்பு வந்தால் தோன்றல். எனவே மரப்புணர்ச்சி, நிலைமரம், வருமரம்.

ஒசாகா அக்கா எழுதியது:

ஐயா, படிச்சதும் சிலிர்த்துப்போச்சு. இங்க நீளவாக்குல சேர்க்கும்போது முதல்ல கிடத்துற கட்டைக்கு 'ஷிதகி', கீழ்மரம். அது மேல வந்து உக்கார்றது 'உவகி', மேல்மரம். நீங்க சொன்ன நிலைமரமும் வருமரமும் இதேதான்!

ஆசிரியை ஒருத்தர் எழுதியது:

நிலைமரம் வருமரம் அருமை ஐயா, ஆனா பதினேழு வயசுப் பசங்க உக்காந்திருக்கிற வகுப்புல போர்டுல மரப்புணர்ச்சின்னு எழுதிட்டு அடுத்த வரியை என்னால நடத்த முடியாது. மயமதத்துல மர இணைப்புக்குன்னே சந்திகர்மம்னு ஒரு அத்தியாயம் இருக்கு, நம்ம ஸ்தபதிகள் புழங்குற நூல்தானே, 'சந்தி'ன்னே வச்சுக்கலாமே? பசங்களுக்கும் தமிழ் வகுப்புல கேட்ட சொல்தான்.

புலவர் ஐயா எழுதியது:

> 'சந்தி'ன்னே வச்சுக்கலாமே?

தொல்காப்பியர் காலத்திலிருந்தே புணர்ச்சி இருக்க, வடசொல்லுக்கு ஏன் போக வேண்டும் அம்மா? கூச்சம் நம் மனத்தில்தான், சொல்லில் இல்லை. வேண்டுமானால் 'மரப்புணர்ப்பு' என்று கொள்ளுங்கள். தச்சு என்பதே 'தை' என்ற வேரிலிருந்து வந்தது என்பது என் துணிபு. தைத்தல் என்பதும் இரண்டை ஒன்றாக்குவதுதானே. கிகுமியில் வரும் குமியும் நம் 'குமி'தான் என்று படுகிறது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு என்று ஜப்பானிய மொழியறிஞர் ஒனோ சுசுமு எழுதினாரே, அதை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

ஒசாகா அக்கா எழுதியது:

ஒனோ மேல எனக்கும் மரியாதை உண்டு ஐயா, ஆனா இது ஒத்து வரல. குமு-ன்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோக்கிறது, விரல்களைக் கோத்துக்கிறதுக்கும் அதே வினைதான். நம்ம குமி குவிச்சு வைக்கிறது. மரத்தைக் குவிச்சா அது விறகு.

பட்டறை அண்ணன் எழுதியது:

எனக்கு இலக்கணம் தெரியாது, முப்பது வருஷமா உளி பிடிக்கிறேன். எங்க பட்டறையில பொருத்துன்னுதான் சொல்லுவோம். 'பொருத்து சரியில்ல, வெளிச்சம் தெரியுது'ன்னு எங்கப்பா சொன்னது இன்னும் காதுல இருக்கு. அவர்தான் சொல்லுவார், ஔவையார் பாட்டுல ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்ற தச்சன் ஒத்தைச் சக்கரத்துக்கு ஒரு மாசம் எடுத்துக்கிட்டானாம்னு, அதியமானை அந்தச் சக்கரத்தோட ஒப்பிட்டிருக்காங்கன்னா அந்தக் காலத்துல கைவேலைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கணும்.

இந்த ஜப்பான் பொருத்துல கனவாட்சுகின்னு ஒண்ணைத் தேக்குல செஞ்சு பார்த்தேன். ரெண்டு கட்டைக்கும் ஒரே வெட்டுதான், அச்சு அசலா ஒரே மாதிரி. எதிரெதிரா வச்சு நகத்தினா நட்டநடுவுல சின்னதா ஒரு சதுர ஓட்டை விழும், அதுல ஆப்பை அடிச்சா ரெண்டும் இறுகி எந்தப் பக்கமும் அசையாது. ஆப்பைத் தட்டி எடுத்தா திரும்பக் கழண்டு வந்துடும். சொல்றதுக்கு ரெண்டு வரி, எனக்கு நாலு நாள் போச்சு. முதல் மூணும் வீண். கோட்டை வச்சு அறுக்கணுமா கோட்டோட அறுக்கணுமாங்கிறதுலதான் எல்லாம் இருக்கு, ஒரு நூல்ல பாதி கூட வேணாம், அந்தப் பென்சில் கோட்டுத் தடிப்புதான், அது போனாலே ஆப்பு லூசு. நாலாவதுல ஆப்பு இறங்க இறங்க தட்டுற சத்தமே மாறிச்சு, வெத்துச் சத்தம் போய் ஒரே கட்டையைத் தட்டுற மாதிரி கெட்டியா வந்துச்சு. அங்க இருக்கிறவங்க ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்துதான் அறுப்பாங்க, அதனால தகடு மெல்லிசாவே இருக்கலாம், வெட்டும் மெல்லிசா விழும். அவங்க கையை நினைச்சுக் கும்பிட்டேன்.

கையேட்டுத் தம்பி எழுதியது:

அண்ணன் மடலைப் படிச்சதும் எனக்கு முடிவாயிடுச்சு. பட்டறையில உயிரோட இருக்கிற சொல்லை விட்டுட்டு நாம புதுசா ஒண்ணு செய்ய வேண்டாம். மரப்பொருத்து, நீட்டுப்பொருத்து, கோணப்பொருத்து. ஐயாவோட நிலைமரமும் வருமரமும் அப்படியே உள்ள போகுது. கிகுமிங்கிற பேரை முதல் தடவை மட்டும் சொல்லிட்டுப் போறேன். இதுவரைக்கும் ஆறு பேர் சரின்னு தனி மடல் போட்டிருக்காங்க.

புலவர் ஐயா எழுதியது:

பெரும்பான்மை முடிவு அதுவானால் தடுக்க மாட்டேன். ஆனால் நிலைமரமும் வருமரமும் இருக்கும் இடத்தில் புணர்ச்சி என்ற பெயர் மட்டும் இல்லாதது எனக்கு உறுத்துகிறது. என் மறுப்பைப் பதிவு செய்து வையுங்கள்.

ஒசாகா அக்கா எழுதியது:

தம்பி, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். 'நீட்டு' சரியா வரல. ஒத்தேமோன் தூண் நீளவே இல்ல, அதே உயரம்தான், உளுத்த கால் போய்ப் புதுக்கால் வந்திருக்கு. ட்சுகுங்கிற வினையையே இங்க அப்பா தொழிலை மகன் எடுத்து நடத்துறதுக்கும் சொல்லுவாங்க. பழைய மரம் விட்ட இடத்துல புது மரம் தொடருது. 'தொடர்ப்பொருத்து'ன்னு மாத்த முடியுமா?

புலவர் ஐயா எழுதியது:

வினைத்தொகையில் வலி மிகாது. 'தொடர்பொருத்து.'