ஆண்களுக்கு மார்பு பெருத்தால்: மாத்திரையா, ஆபரேஷனா?

அரூர்க்காரன்:
பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்தது. வயசுப் பையன்களில் பாதிப் பேருக்காவது வரும், பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் தானாக வற்றிவிடும் என்றார் டாக்டர். எனக்கு வற்றவில்லை. ஒகேனக்கல் போனால் நண்பர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு எண்ணெய் மசாஜுக்கு உட்காருவார்கள், நான் மீன் வறுவல் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். எடையைக் குறைத்தேன். தொப்பை போனது, மார்பு அப்படியே.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்ஜரி டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். காம்புக்கு நேர் கீழே ரப்பர் மாதிரி தட்டுப்பட்டால் சுரப்பித் திசு, வெறுமனே மெத்தென்று இருந்தால் கொழுப்பு. கொழுப்பு உடற்பயிற்சியில் கரையும், சுரப்பி கரையாது. விதைப்பையையும் பார்த்தார். கூச்சம்தான், ஆனால் அங்கே கட்டி இருந்தாலும் மார்பு பெருக்குமாம். அப்புறம் தைராய்டு, கல்லீரல், ஹார்மோன் என்று ரத்தப் பரிசோதனை.

பெண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் தமாக்சிஃபன் மாத்திரை, வீக்கம் புதிதாக வந்து வலிக்கிற கட்டத்தில்தான் கேட்கும். ஒரு வருஷம் தாண்டினால் திசு நாராக இறுகிவிடும். அதனால் எனக்கு ஆபரேஷன்தான். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் கீறிச் சுரப்பியை எடுத்து, சுற்றியிருந்த கொழுப்பை உறிஞ்சினார்கள். பிறகு சில வாரம் இறுக்கமான பனியன். சித்திரை வெயிலில் அதுதான் பெரிய தண்டனை! காம்பு இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது.

ஓசூர் தம்பி:
எங்கள் ஜிம்மில் ஒரு அண்ணன் ஸ்டீராய்டு ஊசி போட்டு இதே நிலைக்கு வந்தார். அதில் ஏற்றுகிற டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியை உடம்பே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். ஊசியை நிறுத்தாமல் ஆபரேஷன் செய்தால் மிச்சத் திசு மறுபடி வளரலாம், முதலில் அதை விடு என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பாலக்கோடு அக்கா:
எங்கள் அப்பாவுக்கு இதய நோய்க்காகக் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையால் வந்தது. ஒரு பக்கம் மட்டும் வலியோடு வீங்கியது. மனுஷன் துண்டைப் போர்த்தி மறைத்துக்கொண்டே இருந்தார், அம்மாதான் கண்டுபிடித்தார். மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே எடுத்ததில் புற்றுநோய் இல்லை. டாக்டர் அதே வகையைச் சேர்ந்த எப்ளெரினோன் மாத்திரைக்கு மாற்றினார், வலி போய் மெல்ல வற்றியது. இதய மாத்திரை, நாமாக நிறுத்திவிடக் கூடாது.

தம்பிகளா, ஆம்பளைக்கும் மார்பில் புற்றுநோய் வரும். காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் குழிந்தாலோ, காம்பை விட்டுத் தள்ளிக் கெட்டியாகக் கட்டி இருந்தாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.