கையை எடுத்துவிட்ட அந்த நிமிடம்: தோள், கணுக்கால், மணிக்கட்டு அனுபவங்கள்

முத்தியால்பேட்டை தையல்:

தோள் இறுகிப்போவது, அதாவது மூட்டு பூட்டிக்கொண்டு கை மேலே போகாமல் நின்றுவிடுவது, இந்தக் குழுவில் பலருக்குத் தெரியும். பஸ் திடீரென்று கிளம்பியபோது கம்பியைப் பிடித்திருந்த வலது கை சுண்டி இழுத்துக்கொண்டது. வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் தோள் பூட்டிக்கொண்டது. மிஷின் மிதிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம்; மேல்தட்டில் இருக்கும் நூற்கண்டை எடுக்க முடியாது. தலை பின்ன மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

சொல்ல வந்தது நான்காவது நாள் சிகிச்சையைப் பற்றி. இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சின்னப் பெண், என் மகளைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். என்னைப் படுக்க வைத்து, தோள் முனைக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைப் பதித்து, கால் பக்கமாகச் சின்னச் சின்னதாக அழுத்தினாள். அமுக்குவது, விடுவது, அமுக்குவது. பத்து நிமிடம் இருக்கும். பிறகு கையைத் தூக்கிப் பார்த்தால் முன்னைவிட நான்கு விரற்கடை அதிகமாகப் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னொரு தரம் செய்யம்மா" என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள். ஒரு மூங்கில் கம்பை என்னிடம் நீட்டி, "போதும் அம்மா, இனி நீங்கள் தூக்குங்கள். இப்போது இளகியிருக்கிறது. இந்த நேரத்தை விட்டால் மறுபடி இறுகிவிடும்" என்றாள்.

எனக்குக் கோபம். "கம்பு தூக்குவதற்கா நான் காசு கொடுக்கிறேன்?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். நான் பயிற்சி செய்யாமலே வந்துவிட்டேன். அன்று ராத்திரியே அந்த நான்கு விரற்கடையும் போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று வாரமாக அங்கே போகவில்லை. அவள் கம்பைச் சாய்த்து வைத்தது மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

முதுநகர் வலை:

அக்கா, எனக்குக் கணுக்கால். கடலூர் முதுநகரில் படகிலிருந்து ஈரப் பலகையில் குதித்தபோது பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்கம் முட்டை போல வீங்கியது. எங்கள் தெருவில் எண்ணெய் போட்டு நீவிவிடும் பெரியவர் இருக்கிறார். அவர் கை பட்டால் வலி இறங்கும், பொய் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கடலுக்குப் போய்விட்டேன். ஆனால் இரண்டு மாதத்துக்குள் அதே கால் மூன்று தடவை மடங்கியது. ஒருதரம் வெறும் மணலில் நடக்கும்போது.

கடைசியில் மஞ்சக்குப்பத்தில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனேன். அவரும் முதலில் கையால்தான் செய்தார். ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையால் கணுக்கால் எலும்பைப் பின்பக்கம் தள்ளித் தள்ளி, பாதம் மேலே மடங்கும்படி இளக்கினார். பிறகு சொன்னார்: "அந்தக் காலில் மட்டும் நின்று கண்ணை மூடுங்கள்." நல்ல காலில் முப்பது எண்ணும்வரை நின்றேன். அடிபட்ட காலில் நான்கு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டேன்.

பதினான்கு வயதிலிருந்து ஆடுகிற பலகையில் நின்று வலை இழுக்கிறவன் நான். சிமெண்ட் தரையில் நிற்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. கணுக்கால் எலும்புகளைப் பிடித்துவைத்திருக்கும் ஜவ்வு வெறும் கயிறு இல்லையாம். பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற சேதியும் அங்கிருந்துதான் மூளைக்குப் போகிறதாம். எவ்வளவு நீவினாலும் அந்தச் சேதி திரும்பி வராது. நின்று நின்றுதான் வர வேண்டும். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்றேன். பிறகு மடித்த சாக்கின் மேல். பிறகு தேவனாம்பட்டினம் மணலில். ஆறு வாரம். அதற்குப் பின் ஒரு வருடமாக மடங்கவில்லை.

வில்லியனூர் ஓட்டம்:

முதலில் பதிவிட்ட அம்மாவுக்கு ஒரு மாற்றுக் கருத்து. கை வைத்துச் செய்யும் சிகிச்சையை எல்லோரும் அளவுக்கு மேல் நம்புகிறோம். எனக்குக் குதிகால் தசைநாரில், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாரில், வலி. காலையில் முதல் அடி வைக்கும்போது கத்தி குத்துவது போல இருக்கும். எட்டு மாதம் அழுத்திவிட்டார்கள், கரண்ட் வைத்தார்கள். சிகிச்சைப் படுக்கையிலிருந்து இறங்கும்போது சுகமாக இருக்கும், வீட்டுக்கு வருவதற்குள் பழையபடி.

மாற்றியது மாடிப்படி ஒன்றுதான். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, வலிக்கிற காலில் முழு எடையையும் போட்டு, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏறுவதற்கு நல்ல காலைப் பயன்படுத்த வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் மூன்று தடவை, லேசாக மடக்கி 15 முறை வீதம் மூன்று தடவை, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180 ஆகிறது. இப்படி 12 வாரம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரெட்சன் என்ற மருத்துவர் 1998இல் வெளியிட்ட முறை இது. கொஞ்சம் வலித்தாலும் செய்யச் சொல்கிறது. ஐந்தாவது வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஒன்பதாவது வாரம் காலையில் எழுந்து சமையலறை வரை நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான், வலிக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

எனவே அந்த மருத்துவர் கையை எடுத்தது சரி. முதலிலேயே கை வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் சரி என்பேன். நோயாளி கைக்குப் பழகிவிடுகிறார், பிறகு கம்பைத் தொட மனம் வருவதில்லை.

பண்ருட்டி முந்திரித்தோப்பு:

தம்பி, உன் குதிகாலை வைத்து அந்த அம்மாவின் தோளுக்குத் தீர்ப்புச் சொல்லாதே. உனக்கு மூட்டு மடங்கிக்கொண்டுதான் இருந்தது. தசைநாருக்குப் பளுதான் தேவைப்பட்டது. பூட்டிக்கொண்ட மூட்டு வேறு. அது அசையவே அசையாதபோது எதை வைத்துப் பயிற்சி செய்வது?

என் கதை 'தானே' என்ற புயல் அடித்த காலத்தது. 2011 டிசம்பர் 30 காலை புயல் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மூன்றாம் நாள் சாய்ந்த மரத்தின் மேல் ஏறிக் கிளை வெட்டும்போது வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று கையைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். தோல் செதில் செதிலாக இருந்தது, முன்கை பாதியாகச் சூம்பியிருந்தது, மணிக்கட்டு பலகை. எலும்பு கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலிருந்தவர்கள் சொன்னபடி பந்தை வாங்கி அமுக்கினேன். விரல் தேறியது, மணிக்கட்டு பின்பக்கம் மடங்கவே இல்லை. மடக்கினால் ஒரே இடத்தில் கல் மாதிரி முட்டும்.

கடலூரில் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். முன்கையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மணிக்கட்டுச் சிற்றெலும்புகளை ஒரு நூல் அளவு பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தார். தள்ளிய பிடியை விடாமலே, "இப்போது நீங்களே மடக்குங்கள்" என்றார். மடக்கினேன். முட்டவில்லை. வலிக்கவும் இல்லை. பிடியை விட்டால் முட்டும், பிடித்தால் போகும். பிரையன் மல்லிகன் என்ற நியூசிலாந்துக்காரர் வகுத்த முறை என்றார். வலித்தால் அந்தப் பிடி தவறு, திசையை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். பாருங்கள், அவருடைய கையும் என்னுடைய அசைவும் ஒரே நேரத்தில் நடந்தன. கை வேறு, பயிற்சி வேறு என்று பிரித்துப் பேசுவதே எனக்குப் புரியவில்லை.

அது முடிந்தவுடன் மேசையில் உள்ளங்கையை ஊன்றி எடையைச் சாய்க்க வைத்தார். வீட்டில் ஈரத் துண்டைப் பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது. மாவு பிசைவதற்கு என் மனைவி சிரித்தாள். எட்டு வாரம் நான்தான் பிசைந்தேன். அந்த ஆடி மாதம் அரிவாளைப் பிடித்து ஒரு பலாவை இரண்டாகப் பிளந்தேன். கையிலிருந்து அரிவாள் நழுவவில்லை.

நெல்லித்தோப்பு அம்மா:

முதுநகர் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எண்ணெய் போட்டு நீவினால் வலி இறங்கும் என்று இவ்வளவு எளிதாக எழுதாதீர்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கையில் அடி. சுளுக்குதான் என்று ஒருவர் சொல்ல, பத்து நாள் தினமும் நீவினோம். அவன் கத்துவான், நான்தான் தோளைப் பிடித்துக்கொள்வேன். ஒரு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் முழங்கைக்கு முன்னால் தசைக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. அடிபட்ட தசையை அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அதற்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும், முழங்கையில் இது அதிகம் என்று மருத்துவர் சொன்னார். அவனால் சட்டையின் மேல்பொத்தானைப் போட முடியவில்லை. இப்போது யாரும் அவன் கையை இழுப்பதில்லை, வலியில்லாத அளவுக்கு அவனாகவே மடக்கி நீட்டுகிறான். கொஞ்சம் தேறியிருக்கிறது.

முதலில் எக்ஸ்ரே எடுங்கள். குழந்தைகளின் முழங்கையைத் தேய்க்காதீர்கள். வேறு எதுவும் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

லாசுப்பேட்டை ஓய்வாசிரியர்:

எனக்கு இடுப்பு வலி வந்து, கைச்சிகிச்சையும் பயிற்சியும் சேர்ந்து நான்கு மாதத்தில் தேறினேன். இப்போது மாலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியபின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடக்கிறேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் மற்றவர்களுக்குச் சில சொல்ல வேண்டும், கேட்காமலே சொல்வதற்கு மன்னியுங்கள்.

தையல்கார அம்மா, உடனே சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது மற்றவர்களைவிட அதிகம், தேறுவதும் தாமதம். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. தோள் நெருப்பாக வலிக்கும் ஆரம்பக் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சும் கட்டத்தில் கொஞ்சம் அழுத்தலாம். உங்களுக்கு எந்தக் கட்டம் என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். ராத்திரி அந்தப் பக்கம் படுக்காதீர்கள். மல்லாந்து படுத்து, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணையை வையுங்கள்.

பயிற்சியின்போது வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு வரை போகலாம் என்று எனக்குச் சொன்னார்கள். மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட அதிகமாக இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை.

கணுக்கால் மடங்கியவர்களுக்கு: அடிபட்டவுடனும் பிறகு மருத்துவரிடமும் நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தால், எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பவர்களிடம் போகாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்த சம்பவங்கள் உண்டு. இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, ஒரு பாதம் தொங்கிப்போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. பயிற்சி, எண்ணெய் எல்லாம் பிறகு.

கடலூர் மாவட்டத்தவர்களுக்கு ஒன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். நடமாட முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எங்களுக்குப் புதுச்சேரியில் அந்தத் திட்டம் கிடையாது, தனி யூனியன் பிரதேசம் அல்லவா.

வில்லியனூர் ஓட்டம்:

பண்ருட்டி ஐயாவுக்கு: மூட்டு பூட்டிக்கொண்டால் கை தேவைப்படலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை பேர் உங்களைப் போல எட்டு வாரம் மாவு பிசைகிறார்கள்? நான் பார்த்தவரை பத்து நாள் கட்டணம் கட்டி, பத்து நாளும் படுத்து எழுந்து போகிறார்கள். பதினொன்றாம் நாள் வலி வந்தால் சிகிச்சை பொய் என்கிறார்கள். என் கோபம் அதன் மேல்தான்.

முதுநகர் வலை:

நெல்லித்தோப்பு அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு எலும்பில் ஒன்றும் இல்லாமல் இருந்தது, அதனால் தப்பித்தேன் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. நேற்று மாலை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் உங்கள் பையனைப் பற்றிச் சொன்னேன். பேர் சொல்லவில்லை. வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இனிமேல் பிள்ளைகளின் முழங்கை வந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன்" என்றார். தம்பியின் கை முழுதாக மடங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டை தையல்:

எல்லோருக்கும் நன்றி. சர்க்கரை பார்த்தேன் ஐயா, சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்ததே கூடுதலாக இருக்கிறது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை மறுபடி அங்கே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நெஞ்சு படபடத்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மா" என்றாள், அவ்வளவுதான். அன்று சொன்னதற்கு மன்னித்துவிடு என்றேன். "தோளைக் காட்டுங்கள்" என்றாள். முதலில் வெந்நீர்ப் பை ஒத்தடம், பிறகு பத்து நிமிடம் அதே அமுக்கல். அவள் கையை எடுத்தவுடன் நானே சுவரோரம் போய்க் கம்பை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் விரல்களால் ஏறச் சொல்லியிருக்கிறாள். எதுவரை ஏறுகிறதோ அங்கே தையல் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ரவிக்கை ஒன்று முடிந்ததும் ஒரு வேளை. திங்கட்கிழமைக் கோட்டுக்கும் நேற்றைய கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரற்கடை. காலண்டர் ஆணிக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது.