உதவி தேவை: தன்னை உற்றுநோக்கும் ஒளிப்படங்கள், காணொளிகளுக்கான அழைப்பை எப்படித் திருத்துவது?

கேள்வி: ஏற்பாட்டுக் குழு உறுப்பினர், கோவை

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒளிப்பட ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து, தன்னைத் தானே உற்றுநோக்குதல் என்ற கருப்பொருளில் கண்காட்சி நடத்தவிருக்கிறோம். தேர்வாகும் படங்களை ஏ3 அளவில் அச்சிட்டு மாட்டுவதாகவும், ஐந்து நிமிடத்துக்கு மிகாத காணொளிகளைப் பென் டிரைவில் ஏற்றித் தொலைக்காட்சியில் ஓடவிடுவதாகவும் ஏற்பாடு. கட்டணம் இல்லை; முன்னனுபவமும் தேவையில்லை. படைப்புகள் நிறையவே வருகின்றன, ஆனால் மூன்று இடங்களில் சிக்கி நிற்கிறோம்.

முதலாவது, வருபவற்றில் பெரும்பகுதி செல்ஃபிகள். "உங்களை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதை அனுப்புங்கள்" என்பதே அழைப்பின் வாசகம். இரண்டாவது, நல்ல படங்கள்கூட வாட்ஸ்அப் வழியே சுருங்கி வருகின்றன. ஒருவர் தம் தாயாரின் பீரோக் கண்ணாடியைப் படமெடுத்திருந்தார். கண்ணாடியின் ஓரம் நெடுக ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். சில நிறம் வெளுத்தவை, சில உதிர்ந்து பசைத் தடம் மட்டும் எஞ்சியவை. படமெடுத்தவரின் தோள் மட்டும் ஒரு மூலையில் தெரிகிறது. சோதனைக்காக அச்சிட்டபோது பொட்டுகளின் விளிம்பெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. மூன்றாவது, சில காணொளிகள் கணினியில் சரியாக ஓடினாலும் தொலைக்காட்சியில் ஒலி மட்டுமே வருகிறது. வேறு சிலவற்றைத் தொகுப்பு மென்பொருளில் ஏற்றியதும் உதட்டசைவும் பேச்சும் போகப்போக விலகுகின்றன. அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: அச்சகப் பணியாளர், மதுரை

வணக்கம் ஐயா. ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் படம் 4961க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். சற்று விலகி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு 200 போதும். நீளப்பக்கம் 3300 பிக்சல் இருந்தால் துணிந்து அச்சிடலாம். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுவதால், ஏ3இல் அது அங்குலத்துக்கு 100ஐக்கூட எட்டாது. மென்பொருளால் பெரிதாக்கிச் சமாளிக்க வேண்டாம். அந்தப் பசைத் தடம் போன்ற நுணுக்கங்களை மென்பொருள் தானாகக் கற்பனை செய்து நிரப்பிவிடும். மூலக் கோப்பை கூகுள் டிரைவிலோ, வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆகவோ அனுப்பச் சொல்லுங்கள். வண்ணம் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ண அமைப்பில் இருக்கட்டும்.

மறுமொழி 2: காணொளித் தொகுப்பாளர், சென்னை

ஒலி மட்டும் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கோப்பின் குறியாக்கம், அதாவது காணொளியைச் சுருக்கிப் பதியும் முறைதான். புதிய கைப்பேசிகள் பல எச்இவிசி என்ற புதிய குறியாக்க முறையில் பதிவு செய்கின்றன. பழைய தொலைக்காட்சிகளுக்கு அது புரியாது. பேச்சு விலகுவதற்குக் காரணம், கைப்பேசி வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கான சட்டக (ஃபிரேம்) எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிவதாகும். இரண்டையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒரே முறையில் சரிசெய்யலாம்: எம்பி4 கோப்பு, எச்.264 குறியாக்கம், 1080 அளவு, மாறாத சட்டக வேகம். இந்த மாற்றத்தை நீங்களே செய்துகொள்ளுங்கள். படைப்பாளரிடம் மூலக் கோப்பை மட்டும் கேட்பதே முறை; மென்பொருள் தெரியாத காரணத்துக்காக ஒருவர் பின்வாங்கிவிடக் கூடாது. பென் டிரைவ் ஃபேட்32 என்ற சேமிப்பு வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி 3: ஒளிப்பட ஆசிரியர், புதுச்சேரி

செல்ஃபிகள் குவிவதற்கு அழைப்பின் வாசகமே காரணம் என்று கருதுகிறேன். "எப்படிப் பார்க்கிறீர்கள்" என்று கேட்டால் முகத்தைத்தான் அனுப்புவார்கள். அதில் அவர்கள் பிழை ஏதுமில்லை. முகம் வருவதும் குறையன்று. 1839இல் பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னேலியஸ் தம்மைத் தாமே எடுத்த படம் தொடங்கி, இக்கலை முகத்தை விடாமல் பார்த்தே வளர்ந்திருக்கிறது. ஓவியர் அமிர்தா ஷெர்கில்லின் தந்தை உம்ராவ் சிங் பல பத்தாண்டுகள் தம்மைத் தாமே படமெடுத்தவர். உண்ணாநோன்பால் மெலிந்த தம் உடலையும் விட்டுவைக்கவில்லை. பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் 2000 முதல் 2004 வரை உருவாக்கிய வரிசையில், நாட்காட்டித் தெய்வமாகவும், மானிடவியலாளர்கள் கட்டமிட்ட திரைமுன் நிறுத்தி அளந்த பெண்ணாகவும் தாமே வேடம் புனைந்து நின்றார். அங்கே முகம் அவருடையதுதான், ஆனால் அவர் நம்மைப் பார்க்கவைப்பது, பெண்ணை இவ்வாறெல்லாம் பார்த்துவந்த கண்களை. காணொளியில், 1972இல் அமெரிக்கக் கலைஞர் ஜோன் ஜோனஸ் கண்ணாடியையும் திரையையும் அருகருகே வைத்துக்கொண்டு, தம் இடது கண் எது, வலது கண் எது என்று சொல்லிச்சொல்லிப் பார்ப்பவரைத் திணறவைத்தார்.

எனவே முகத்தைத் தடைசெய்யாமல், கேள்வியைக் கூர்மையாக்குங்கள். "உங்களைப் பற்றி நீங்கள் நம்பிவந்த ஒன்று மாறிய இடத்தைக் காட்டுங்கள்" என்றோ, "வீட்டில் உங்களை அடையாளம் காட்டும் பொருள் எது" என்றோ கேட்கலாம். கூடவே ஐம்பது சொற்களுக்குள் ஒரு குறிப்பு கேளுங்கள். கல்விச் சான்று போன்ற தன்விவரம் வேண்டாம். பொட்டுக் கண்ணாடிப் படத்தை மாதிரியாக வெளியிட வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வெளியிட்டால் அடுத்த வாரமே உங்களுக்குப் பீரோக் கண்ணாடிகளாக வந்து குவியும். முதலில் அதைக் கண்டவரின் பார்வை அந்தக் கூட்டத்தில் தொலைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கேள்வியை மாற்றி எழுதுகிறோம். பொட்டுக் கண்ணாடிப் படத்தின் மூலக் கோப்பும் இன்று டாக்குமென்ட்டாக வந்துவிட்டது. நீளப்பக்கம் 4000 பிக்சல் இருக்கிறது. இன்னும் ஓர் ஐயம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தம் உடலைப் படமெடுத்துள்ள ஒரு பெண்மணி, கண்காட்சிக்குப் பிறகு படத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். அழைப்பில் இதுபற்றி என்ன எழுதுவது?

மறுமொழி 4: காட்சிக்கூடப் பொறுப்பாளர், சென்னை

அம்மையார் கேட்டது மிகச் சரியான கேள்வி. இதை அழைப்பிலேயே தெளிவாக எழுதுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பைப் பயன்படுத்தத் தரும் உரிமம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். நீங்கள் பேசாமல் விட்டால் அந்த ஐந்தாண்டு அவர் தலையில் விழும். ஆகவே "உரிமை படைப்பாளருக்கே உரியது, இந்தக் கண்காட்சி நடைபெறும் நாட்களில் இந்த அரங்கில் காட்டுவதற்கு மட்டும் அனுமதி பெறுகிறோம், விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தனியே கேட்போம்" என்று எழுதுங்கள். அச்சுக்குப் போகும் நாள்வரை காரணம் சொல்லாமலே படைப்பைத் திரும்பப் பெறலாம் என்றும் சேருங்கள். பெயரை வெளியிட விரும்பாதவருக்கு அதற்கும் இடம் கொடுங்கள்.

கைப்பேசிப் படத்தின் மூலக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிவாகியிருக்கக்கூடும். இத்தகைய படங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் எடுக்கப்படுபவை. ஆகையால் கோப்பு உங்கள் கைக்கு வந்தவுடன், குழுவில் பகிர்வதற்கு முன்பாகவே, அந்த விவரத்தை நீக்கிவிடுங்கள்.